எப்பவாச்சும் மட்டும் இடம் தப்பி வெட்டுற சிஎன்சி ரவுட்டர்: பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி தப்போட அளவைப் பாருங்க

சிஎன்சி ரவுட்டர்னா கம்ப்யூட்டர் சொல்ற வழியில பிட்டை நகர்த்தி மரம் வெட்டுற மெஷின். அது எப்பவுமே 2 மில்லி தள்ளி வெட்டுதுன்னா அதைக் கண்டுபிடிக்கிறது ஈஸி, உக்காந்து பாத்தா சாயங்காலத்துக்குள்ள பிடிச்சிடலாம். ஒரு ஜாப் அச்சு அசலா வருது, அடுத்ததும் நல்லா வருது, அதுக்கு அடுத்ததுல பாதி வரைக்கும் ஒழுங்கா போயிட்டு அங்கருந்து டிசைன் ஒரு பக்கமா தள்ளிப்போய் நிக்குது, அதே ஃபைலை மறுபடி ஓட்டுனா ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியா வருது, இந்த மாதிரி கேஸ்தான் உயிரை எடுக்கும். மரமும் போச்சு, நேரமும் போச்சு, கஸ்டமர்கிட்ட வாங்குன அட்வான்ஸும் திருப்பிக் குடுக்கணும்.

இப்படி வந்தா நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்கள்ல என்ன நடக்கும்னு பாத்துட்டேதான் இருக்கேன். முதல்ல மோட்டாருக்குக் கரண்ட் குடுத்து ஓட்டுற டிரைவர் போர்டை மாத்துவாங்க, சரியாகலன்னா மோட்டார், அப்புறம் கம்ப்யூட்டரை ஃபார்மேட் போட்டு சாஃப்ட்வேரை புதுசா ஏத்துவாங்க, நடுவுல கிரீஸ் வேற. எப்பவாச்சும் வர்ற தப்புங்குறதால எதை மாத்துனாலும் ரெண்டு நாள் சரியான மாதிரியே தெரியும், மாத்துன பார்ட்டுக்குப் பேர் கிடைச்சிடும், மூணாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா செலவழிக்கிறது எல்லாம் லோன் போட்டு மெஷின் வாங்குன சின்ன சின்ன ஆளுங்க. அதனாலதான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன். ஸ்பேனரை எடுக்குறதுக்கு முன்னாடி தப்பு எவ்வளவு, எந்தப் பக்கம், எப்போ வருதுன்னு அளக்கணும், அளந்தாலே சந்தேகப்பட வேண்டிய இடம் பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

மெஷினைத் தொடுறதுக்கு முன்னாடி மெஷின் இல்லாத விஷயங்களை ஒதுக்கிடுங்க. பலகை நகந்துச்சா? கிளாம்ப் ஒட்டி பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சா தெரிஞ்சிடும். ஆழம் போகப்போக அதிகமாகுதுன்னா பெரும்பாலும் அது இசட் ஆக்சிஸ் (மேல கீழ போற பக்கம்) கோளாறே இல்ல, அப்கட் பிட் (தூளை மேல தள்ளுற பிட்) மரத்துக்குள்ள தன்னைத்தானே இழுத்துக்கிட்டு, அதைப் பிடிச்சிருக்குற கோலெட்ல இருந்து கீழ இறங்குறது. பிட் தண்டுல கோலெட் நட்டு ஓரமா மார்க்கர்ல ஒரு வளையம் போட்டுட்டு ஜாப் முடிஞ்சதும் பாருங்க, வளையம் கீழ வந்திருந்தா கோலெட்டைக் கழட்டி உள்ள இருக்குற தூளைத் துடைங்க, ரொம்ப தேஞ்சிருந்தா மாத்துங்க. அப்புறம் ஜாப்புக்கு உள்ள எல்லாம் சரி, ஆனா ஒரு ஜாப்புக்கும் அடுத்த ஜாப்புக்கும் நடுவுலதான் இடம் மாறுதுன்னா மெஷினுக்கு ஆரம்ப இடத்தைக் காட்டுற ஹோம் ஸ்விட்ச்சையும் ஜீரோ வைக்கிற முறையையும் பாக்கணும், மோட்டார் பக்கம் போகவே வேண்டாம்.

இதெல்லாம் இல்ல, ஜாப் ஓடும்போதே நகருது அப்படின்னா, இப்பதான் கணக்கு.

சாதாரண ஸ்டெப்பர் மோட்டார், அதாவது ஸ்டெப் ஸ்டெப்பா சுத்துற மோட்டார், ஒரு சுத்துக்கு 200 ஃபுல் ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப் 1.8 டிகிரி. டிரைவர்ல 8 மைக்ரோ ஸ்டெப் வச்சா, அதாவது ஒரு ஸ்டெப்பை எட்டா பிரிச்சா, ஒரு சுத்துக்கு 1600 பல்ஸ் (கன்ட்ரோல் போர்டு அனுப்புற சிக்னல்). ஸ்க்ரூ 1605 அப்படின்னா 16 மில்லி விட்டம், 5 மில்லி பிட்ச் (ஒரு சுத்துக்கு நகர்ற தூரம்), ஸோ ஒரு மில்லிக்கு 320 பல்ஸ், ஒரு பல்ஸுக்கு 0.003 மில்லி. இது எல்லாருக்கும் தெரிஞ்சது, செட்டிங்ல போடுற நம்பர்தான். பலபேர் கவனிக்காதது அடுத்தது. மோட்டார் லோடு தாங்காம நழுவுனா அது எங்க வேணா போய் நிக்காது. காயில்ல ஓடுற கரண்ட்டோட சைக்கிள் 4 ஃபுல் ஸ்டெப்புக்கு ஒரு தடவை திரும்ப வரும், மோட்டார் உள்ள சுத்துற ரோட்டர் நழுவுனா அடுத்த சைக்கிள்ல அதே மாதிரி இடத்துலதான் போய் பூட்டிக்கும். 200ஐ 4ஆல வகுத்தா ஒரு சுத்துக்கு 50 இடம். 5 மில்லி பிட்ச்சுக்கு அது 0.1 மில்லி. ஆக ஸ்டெப்பர் நழுவுனதால வர்ற தப்பு 0.1, 0.2, 0.7 இப்படி 0.1ஓட மடங்காதான் இருக்கும். 10 மில்லி பிட்ச் ஸ்க்ரூனா 0.2ஓட மடங்கு.

பல்ஸ் தொலையுறதோ இல்ல நாய்ஸால (வயர்ல புகுற தேவையில்லாத மின் சலனம்) எக்ஸ்ட்ரா பல்ஸ் உள்ள வர்றதோ அப்படி இல்ல. அது ஒண்ணு ரெண்டு மைக்ரோ ஸ்டெப்பா சேரும், 0.02, 0.05ன்னு எந்த அளவுல வேணா நிக்கும். முதல் வகைன்னா மெக்கானிக்கல் லோடு, ஆக்சிலரேஷன், மோட்டார் கரண்ட், பவர் சப்ளை வோல்டேஜ் இந்தப் பக்கம் போகணும். ரெண்டாவதுன்னா வயரிங், எர்த், சிக்னல் டைமிங். ரெண்டுக்கும் ரிப்பேர் வேற வேற, ஒண்ணுக்குப் பண்ற வைத்தியம் இன்னொண்ணுக்குக் கொஞ்சமும் உதவாது.

ஆனா இதை மரத்துல வெர்னியர் வச்சு அளக்க முடியாதுங்க. மரத்தோட நார், பிட் வளையுறது எல்லாம் சேந்து அதுலயே 0.1க்கு மேல போயிடும். டயல் கேஜ் வேணும், 0.01 மில்லி காட்டுற சாதாரண டயல் போதும். ரவுட்டர் பெட் அலுமினியம், காந்த ஸ்டாண்ட் ஒட்டாது, அதனால ஒரு இரும்பு பிளேட்டை டி-ஸ்லாட்ல போல்ட் போட்டு இறுக்கி அது மேல ஸ்டாண்டை நிக்க வைங்க. ஸ்பிண்டில் (பிட்டைச் சுத்துற மோட்டார்) பிளேட்ல டயல் முள் ஒரு மில்லி அமுங்குற மாதிரி ஒரு இடத்தை வச்சு அங்க ஜீரோ பண்ணிட்டு, அங்கருந்து 400 மில்லி போய் வேகமா அங்கயும் இங்கயும் பல தடவை ஓடிட்டு, கடைசி 5 மில்லியை மட்டும் மெதுவா வந்து அதே ஜீரோல நிக்குற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் கையால எழுதிக்கோங்க. கடைசியில மெதுவா வர்றது டயலைக் காப்பாத்துறதுக்கு மட்டும் இல்ல, எப்பவும் ஒரே பக்கத்துல இருந்து வந்து நின்னா பேக்லாஷ், அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல இருக்குற லூஸ், இந்த அளவுக்குள்ள வராது. பேக்லாஷ் சேந்துக்கிட்டே போகாது, போன பக்கம் மாறுனா தெரியும், திரும்பி வந்தா மறைஞ்சிடும். நம்ம தேடுறது சேந்துக்கிட்டே போற தப்பு.

இந்த புரோகிராமை ஸ்பிண்டில் ஆஃப்ல ஓட்டணும், அப்புறம் ஸ்பிண்டில் ஆன் பண்ணி, அப்புறம் டஸ்ட் கலெக்டர் ஆன் பண்ணி, அப்புறம் ஸ்பீடு கூட்டி, ஆக்சிலரேஷன் குறைச்சு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். பேப்பர்ல எழுதணும், மனசுல வச்சுக்கிட்டா மூணு டெஸ்ட்டுக்கு அப்புறம் எல்லாம் குழம்பிடும்.

ஒரு கேஸ் சொல்றேன், இது எல்லாம் சேந்து வந்த கேஸ். கோவை பக்கத்துல சின்ன ஒர்க்‌ஷாப், 600க்கு 900 பெட், மூணு ஆக்சிஸும் 1605 ஸ்க்ரூ, 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில், அதோட ஸ்பீடைக் கன்ட்ரோல் பண்ற விஎஃப்டி. பூஜை ரூம் பேனல், நேம் போர்டு, எம்டிஎஃப் (மரத்தூளை அமுக்கிப் பண்ணுன ஷீட்) ஜாலி, அதாவது ஓட்டை டிசைன் பலகை, இதுதான் வேலை. ஒய் ஆக்சிஸ் எப்பவாச்சும் நகருது. டிரைவர் மாத்தியாச்சு, மோட்டாரும் மாத்தியாச்சு. ஓனர் அண்ணன் எம்டிஎஃப் ஷீட்தான் மட்டம்னு முடிவு பண்ணி வாங்குற கடையையே மாத்திட்டாரு. மெஷின் ஓட்டுற பையன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான், "அண்ணா, தேக்கு போட்டா ஒண்ணும் ஆகறதில்லீங்க, எம்டிஎஃப் போட்டாத்தான் நகருதுங்க."

இந்த மாதிரி ஒரு வரி கிடைச்சா விடவே கூடாது. தினமும் மெஷின் முன்னாடி நிக்கிறவங்க சொல்றதுல எப்பவும் ஏதோ ஒண்ணு இருக்கும். மெஷினுக்கு எது தேக்கு எது எம்டிஎஃப்னு தெரியாது, ஆனா ரெண்டுக்கும் நடுவுல வேற எதாவது மாறியிருக்கணும் இல்லையா? "தம்பி, எம்டிஎஃப் போடும்போது வேற என்னெல்லாம் பண்ணுவ?"ன்னு கேட்டேன். எம்டிஎஃப் தூசி தாங்க முடியாதுன்னு டஸ்ட் கலெக்டர் போடுவாங்களாம். தேக்குன்னா சுருள் சுருளா வர்றதால ஏர் கன்ல ஊதிட்டு பிரஷ்ல தள்ளிடுவாங்க, கலெக்டர் ஆன் பண்றதே இல்ல.

டயலை வச்சோம். ஸ்பிண்டில் ஆஃப், முள் அதே கோட்டுல. ஸ்பிண்டில் 18,000 ஆர்பிஎம்ல ஓட விட்டோம், அதே கோடு. கலெக்டர் ஆன், ஹோஸ் மாட்டி வெறும் காத்து, அப்பவும் அதே கோடு. இங்க நிறைய பேர் "கலெக்டரும் காரணம் இல்ல"ன்னு விட்டுருப்பாங்க. ஆனா பையன் சொன்னது கலெக்டர் போட்டான்னு இல்ல, எம்டிஎஃப் போட்டான்னு. ஸோ கழிச்ச எம்டிஎஃப் துண்டு ஒண்ணைப் பெட்ல இறுக்கி நிஜமாவே பள்ளம் எடுக்குற ஃபைலை ஓட்டிட்டு கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை டயல் இருக்குற இடத்துக்கு வரவச்சு பாத்தோம். 0.02. அப்புறம் 0.05. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு, அப்புறம் 0.09. 0.1ங்குற குதி ஒரு தடவை கூட வரல. மோட்டார் நழுவலைன்னு அங்கயே தெரிஞ்சிடுச்சு, புதுசா வாங்குன மோட்டார் காசு வீண்தான்.

இன்னொரு சாட்சியும் இருந்துச்சு. முன்னாடி எல்லாம் ஜாப் நடுவுல லிமிட் ஸ்விட்ச் (ஆக்சிஸ் கடைசி வரைக்கும் போனா மெஷினை நிறுத்துற ஸ்விட்ச்) அடிச்சிருச்சுன்னு மெசேஜ் வந்து மெஷின் நின்னுடுமாம், பக்கத்துல போயி பாத்தா ஸ்விட்ச் கிட்ட ஒண்ணுமே இருக்காது, தொந்தரவா இருக்குன்னு லிமிட் இன்புட்டையே சாஃப்ட்வேர்ல ஆஃப் பண்ணிட்டாங்க. தயவு செஞ்சு இதைப் பண்ணாதீங்க. பாதுகாப்புக்கு மட்டும் சொல்லல, சும்மா சும்மா அடிக்கிற லிமிட் அலாரம்தான் உங்க மெஷினுக்குள்ள நாய்ஸ் வருதுன்னு முதல்ல சொல்ற ஆள். திரும்ப ஆன் பண்ணி வச்சோம், எம்டிஎஃப் ஓடும்போது அலாரமும் வந்துச்சு.

ஹோஸைக் கழட்டிட்டு, தூசி எல்லாம் பெட்லயே விழட்டும்னு முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு, கலெக்டர் சும்மா ஓரமா ஓட, அதே ஃபைலை ஓட்டுனோம். முள் அசையல. ஹோஸை மறுபடி மாட்டுனோம், நகர ஆரம்பிச்சிடுச்சு. ஓடிட்டு இருக்கும்போது ஹோஸ் பக்கத்துல கையைக் கொண்டு போனா கை முடி எல்லாம் எந்திரிச்சு நிக்குது. காஞ்ச எம்டிஎஃப் தூள் பிளாஸ்டிக் குழாய்க்குள்ள உரசிக்கிட்டே வேகமா போகும்போது ஸ்டேட்டிக் சார்ஜ் ஏறுது. வெறும் காத்து ஓடுனப்ப ஒண்ணும் தெரியாததுக்கு அதுதான் காரணம்.

அந்த ஹோஸ் உள்ள ஸ்பிரிங் மாதிரி ஸ்டீல் கம்பி சுத்துன டைப். கம்பியோட ரெண்டு முனையும் பிளாஸ்டிக்குக்குள்ளயே மூடிக் கிடந்துச்சு, எங்கயும் கனெக்‌ஷன் இல்ல, அதனால அந்தக் கம்பி சார்ஜை சேத்து வச்சு பக்கத்துல எந்த இரும்பு இருக்கோ அதுக்குத் தாவும். ஹோஸை, வயர்களைச் சுமந்துக்கிட்டு மெஷினோட நகர்ற கேபிள் செயினோட சேத்து டை போட்டு கட்டியிருந்தாங்க, பாக்க நீட்டா இருக்கட்டும்னு. அந்த செயினுக்குள்ளதான் லிமிட் ஸ்விட்ச் வயர், மோட்டார் வயர், ஸ்பிண்டில் கேபிள் எல்லாமே போகுது.

சரி, ஸ்டேட்டிக் தாவுனா நேரா எர்த்துக்குப் போயிருக்கணுமே, கன்ட்ரோல் போர்டுக்கு ஏன் வந்துச்சு? மல்டிமீட்டர் எடுத்து கன்டினியூட்டில வச்சோம். கன்ட்ரோல் பேனல் எர்த் போல்ட்டுக்கும் மெஷின் பாடிக்கும் நடுவுல பீப் சத்தமே வரல. போல்ட்டை கழட்டிப் பாத்தா கீழ பவுடர் கோட்டிங் பெயின்ட் அப்படியே பளபளன்னு இருக்கு, வயரு மாட்டியிருக்கு, ஆனா இரும்பைத் தொடவே இல்ல. கேன்ட்ரிக்கும் (ஸ்பிண்டிலைத் தாங்கி நகர்ற பாலம்) பெட்டுக்கும் வச்சா மீட்டர் ஒரு இடத்துல காட்டுது, தள்ளுனா போயிடுது, ஏன்னா பேரிங்ல இருக்குற கிரீஸ் படலம் மேலதான் கேன்ட்ரி மிதக்குது, அதை நம்பி எர்த் எடுக்க முடியாது. ஸ்பிண்டில் பிளக்ல நாலாவது பின்னுக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் வச்சோம், அதுவும் ஓப்பன். இந்த டைப் ஸ்பிண்டில்கள்ல நாலாவது பின் உள்ள எதோடயும் சேராம சும்மா இருக்குறது ரொம்ப சாதாரணம், அதுல எர்த் வயரை மாட்டிட்டு எர்த் ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. தண்ணி ஓடுற, கையால தொடுற ஒரு பாடிக்கு எர்த் இல்லங்குறது பொசிஷன் பிரச்சனையை விடப் பெரிய விஷயம், உயிர் விஷயம். எல்லாரும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு விஎஃப்டி உள்ள இருக்குற கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகுற வரைக்கும், மேனுவல்ல போட்டிருக்குற நேரம், பொறுத்துட்டு அப்புறம் கை வைங்க.

ஆக அந்தச் சார்ஜுக்கு எர்த்துக்குப் போக ஒழுங்கான வழி இல்ல, இருந்ததுலயே சுலபமான வழி லிமிட் ஸ்விட்ச் வயர் வழியா போர்டோட ஜீரோ வோல்ட்டுக்குப் போறது. அங்க ஒரு உதறு உதறுனா டிரைவர் அதைப் பல்ஸ்னு எடுத்துக்கும்.

பண்ணுன வேலைக்கு பெரிய செலவே இல்ல. போல்ட் இருந்த இடத்துல பெயின்ட்டை எமரி பேப்பர்ல தேச்சு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் எடுத்து ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குனோம். கேன்ட்ரிக்கும் ஸ்பிண்டில் பாடிக்கும் தனித்தனியா பச்சை வயர் இழுத்து எல்லாத்தையும் பேனல்ல ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தோம். ஹோஸ் ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக்கைக் கத்தியால வழிச்சு ஸ்டீல் கம்பியை வெளிய எடுத்து லக் போட்டு எர்த் பண்ணுனோம். ஹோஸை செயின்ல இருந்து பிரிச்சு மேல இருந்து தொங்குற மாதிரி தனியா கட்டியாச்சு. கம்பி இல்லாத சாதா பிவிசி ஹோஸ் வச்சிருக்கவங்க உள்ள நீளத்துக்கும் மொட்டை காப்பர் வயர் ஒண்ணு விட்டு ரெண்டு பக்கமும் எர்த் பண்ணிக்கலாம். அதே எம்டிஎஃப், அதே ஃபைல், டயல் முள் 0.01க்குள்ளயே நின்னுச்சு, லிமிட் அலாரமும் இல்ல. கட்டடத்து எர்த் குழியையும் எலக்ட்ரீஷியனை விட்டு டெஸ்டர் வச்சுப் பாக்கச் சொல்லிட்டு வந்தேன், வெயில் காலத்துல குழி காஞ்சு போனா இங்க பண்ணுன எல்லாம் பாதி வீண்.

எல்லா கேஸும் ஸ்டேட்டிக் இல்ல. பார்த்த மத்த சிலதைச் சுருக்கமா சொல்லிடறேன். ரிலீஃப் கார்விங்ல (மேடு பள்ளமா செதுக்குற வேலை) மட்டும் மெதுவா ஒரே பக்கமா நகருது, கட்டிங் ஜாப்ல ஒண்ணும் இல்லன்னா திசை மாறுற இடத்துல பல்ஸ் தொலையுதான்னு பாருங்க. டைரக்‌ஷன் சிக்னல் மாறி சில மைக்ரோ செகண்ட் கழிச்சுதான் ஸ்டெப் பல்ஸ் வரணும்னு டிரைவர் மேனுவல்ல போட்டிருக்கும், ஸ்டெப் சிக்னலோட போலாரிட்டி தலைகீழா இருந்தா இந்த இடைவெளி கிடைக்காம போய் திரும்புற இடத்துல ஸ்டெப் போகும். போய் வர்ற ஒரு லைனுக்கு ஒரு பல்ஸ் போனாலே, ரிலீஃப்ல 1000 லைன் இருந்தா 3.1 மில்லி. மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர் மாக்3னா மோட்டார் அவுட்புட் பக்கத்துல ஆக்டிவ் லோங்குற ஒரு டிக், ஜிஆர்பிஎல்னா $2ங்குற செட்டிங். அதை மாத்தி டயல் வச்சுப் பாத்தா உடனே தெரியும்.

பெட்ல ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகும்போதுதான் வருதுன்னா கேபிள் செயின். மடிஞ்சு மடிஞ்சு உள்ள காப்பர் உடைஞ்சிருக்கும், மேல தோல் நல்லா இருக்கும். மெஷினை ஆஃப் பண்ணிட்டு டிரைவர் பக்கம் வயரைக் கழட்டி மோட்டார் காயிலுக்கு மீட்டர் வச்சுக்கிட்டு கையால கேன்ட்ரியைத் தள்ளுங்க, ஓம்ஸ் துள்ளுனா அங்கதான். டிரைவர் ஓடும்போது மோட்டார் வயரை ஆட்டிப் பாக்காதீங்க, டிரைவர் போயிடும். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேக்குற கப்ளிங்னா ரொம்ப சுலபம், மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், ஸ்க்ரூ மூணுக்கும் குறுக்கா ஒரே கோடு மார்க்கர்ல போட்டு விட்டுடுங்க. கோடு உடைஞ்சிருந்தா கப்ளிங்கைப் பிடிக்கிற சின்ன கிரப் ஸ்க்ரூ வழுக்குது, ஷாஃப்ட்டை கிரீஸ் இல்லாம துடைச்சு, ஸ்க்ரூ லூஸ் ஆகாம பிடிக்கிற லாக்டைட் 243 பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்க. நின்ன இடத்துலயே இசட் இறங்குற ஜிஆர்பிஎல் மெஷின்னா $1 பாருங்க, அதை 255 வைக்கலன்னா நின்ன கொஞ்ச நேரத்துல மோட்டார் பிடியை விட்டுடும், ஸ்பிண்டில் வெயிட்டுக்கு இசட் கீழ வரும். காலைல இருந்து மதியத்துக்குள்ள மெதுவா 0.1 வரைக்கும் நகந்தா சூடு, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்க்ரூ 10 டிகிரிக்கு அந்த அளவு நீளும், அது கோளாறே இல்ல.

இப்ப எல்லாரும் கேக்குறது, "குளோஸ்டு லூப் மோட்டார், அதான் எங்க நிக்குதுன்னு தானே அளந்து சரி பண்ற மோட்டார், போட்டா இதெல்லாம் தீந்துடும்தானே?" லோடு தாங்காம நழுவுற கேஸுக்குத் தீரும், மோட்டார் தப்புனா டிரைவர் பிடிச்சு இழுக்கும், முடியலன்னா அலாரம் அடிக்கும், நல்ல விஷயம்தான், காசு இருந்தா போடுங்க. ஆனா அப்படி அளக்குற என்கோடர் இருக்குறது மோட்டார் பின்னாடி. முன்னாடி கப்ளிங் வழுக்குனா அதுக்குத் தெரியாது. நாய்ஸால ஒரு எக்ஸ்ட்ரா பல்ஸ் வந்தா அதையும் உங்க ஆர்டர்னு நினைச்சு ரொம்ப கரெக்டா அந்தத் தப்பான இடத்துக்கே போய் நிக்கும், எந்த அலாரமும் வராது. அந்த கோவை மெஷின்ல எர்த்தைத் தொடாம குளோஸ்டு லூப் மட்டும் மாட்டியிருந்தா எம்டிஎஃப் ஜாலி அப்பவும் நகந்திருக்கும்.